சர்வர் என்று வந்த பெட்டி

அனுப்புநர்:
க. செந்தமிழ் (வயது 26),
த/பெ. கன்னியப்பன்,
மாரியம்மன் கோயில் தெரு,
பனஞ்சாலைக்குப்பம், மரக்காணம் அஞ்சல்,
திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: பனஞ்சாலைக்குப்பம் வெள்ள முன்னெச்சரிக்கை மையம் – சர்வர் பிராசசர் கொண்ட கணினி வாங்கத் தீர்மானித்துவிட்டு டெஸ்க்டாப் பிராசசர் கொண்ட கணினி பொருத்தப்பட்டதாக ஐயம் – 26.11.2005 அன்று எச்சரிக்கை ஒலிக்காமல் உப்பளத் தொழிலாளி திருமதி செல்லம்மாள் உயிரிழந்தது – மேற்படி கணினி ஊரை விட்டு எடுத்துச் செல்லப்படும் முன் அதைத் திறந்து பார்க்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மையக் குழுவின் தீர்மானம் எண் 7, நாள் 10.08.2005.
2. என்னைப் பணியிலிருந்து நீக்கிய குழுச் செயலாளரின் கடிதம், நாள் 01.12.2005.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி மையத்தில் கடந்த ஜூன் மாதம் முதல் இம்மாதம் முதல் தேதி வரை கணினி இயக்குபவராக இருந்தேன். நான் பொறியாளர் அல்ல. திண்டிவனத்தில் ஓராண்டு கணினிப் பட்டயம் படித்தவள். ஆகவே, என் கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், சந்தேகப்படுவதைச் சந்தேகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். இரண்டும் எங்காவது கலந்திருந்தால் அது என் மனநிலையால் நேர்ந்ததே தவிர, தங்களைத் திசைதிருப்பும் எண்ணத்தால் அல்ல.

1. எங்கள் ஊரின் வடக்கிலும் தெற்கிலும் கால்வாயை ஒட்டி உப்பளங்கள் உள்ளன. மேற்கே பெய்யும் மழையால் கழுவெளி ஏரி நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியாகத்தான் முகத்துவாரத்துக்குப் போகும். எங்கள் ஊரில் தூறல்கூட இல்லாத நாளிலும் வரப்பைத் தாண்டித் தண்ணீர் வந்ததுண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு இம்மையம் அமைந்தபோது, கால்வாய் மதகில் ஒரு மிதவைக் கருவி பொருத்தப்பட்டது. அதைச் செய்தவர் கீழ்புத்துப்பட்டைச் சேர்ந்த திரு. ஜான்சன்; ஆரோவில்லில் ஒரு மின்னணுப் பட்டறையில் வேலை செய்பவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் எத்தனை அடி என்று மிதவை கம்பியில்லா அலையில் மையத்துக்குச் சொல்லும். நான்கு அடியைத் தாண்டினால், யாரும் பொத்தானை அழுத்தாமலே, உப்பளங்களில் ஆறு இடங்களில் கட்டியுள்ள குழாய் ஒலிபெருக்கிகளைக் கணினி அலறவைக்கும். இதற்கு அந்தக் கணினி இரவும் பகலும், வாரம் ஏழு நாளும், ஒரு நிமிடமும் நிற்காமல் ஓட வேண்டும்.

2. எந்தக் கணினி வாங்குவது என்று முடிவு செய்ய 10.08.2005 அன்று குழு கூடியது. இரண்டு விலைப்பட்டியல்கள் வந்திருந்தன. ஒன்று டெஸ்க்டாப் பிராசசர் கொண்டது. கடைகளிலும் வீடுகளிலும் இருக்கும் வகை. மற்றொன்று சர்வர் பிராசசர் கொண்டது. விலை ஏறத்தாழ மூன்று மடங்கு. குழுச் செயலாளர் திரு. சிவப்பிரகாசம் முதலாவதையே விரும்பினார். டெஸ்க்டாப் பிராசசரின் வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸ் என்றும், சர்வர் பிராசசரின் வேகம் இரண்டே முக்கால் என்றும் பட்டியலில் இருந்ததைச் சுட்டிக்காட்டி, "மூணு பெருசா, ரெண்டே முக்கால் பெருசா? மெதுவா ஓடுறதுக்கு எதுக்கு மூணு பங்கு வெல?" என்று கேட்டார்.

நான் எழுந்து, நமக்கு வேண்டியது வேகம் அல்ல, நிற்காமை என்று சொன்னேன். சர்வர் பிராசசரை மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட்டுவதற்கென்றே செய்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து வரும் மெமரி, தன்னிடம் உள்ள எண்ணில் ஏதாவது ஒன்று மாறிப்போனால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். சாதாரணக் கணினியில் அந்த வசதி இல்லை. எண் மாறினால் மாறியபடியே கிடக்கும் அல்லது கணினி அப்படியே உறைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். கூட்டத்தில் பலருக்கு அது புரியவில்லை. உறுப்பினர் திரு. இருசப்பன் தெற்கு அளத்தில் கூலி வேலை செய்பவர். அவர்தான், "ஏம்பா, மோட்டார் பைக்கு கூடத்தான் ஆயில் இன்ஜின விட வேகமா சுத்துது. அத வெச்சி ஆறு மாசம் அளத்துக்குத் தண்ணி எறைப்பியா நீ?" என்று கேட்டார். அனைவரும் சிரித்தனர். சர்வர் பிராசசர் கொண்ட கணினியே வாங்குவது என்று தீர்மானம் எண் 7 நிறைவேறியது.

3. அதே கூட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணினி பழுதானால் ஒலிபெருக்கிகளைக் கையால் இயக்குவதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்று திரு. ஜான்சன் எழுதிக் கொடுத்திருந்தார். செயலாளர், "நிக்காத மெஷினுன்னு நீதானம்மா சொன்ன? அப்புறம் எதுக்கு கை சுவிட்ச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் வாதம் வென்ற மகிழ்ச்சியில் இருந்தேன். சுவிட்ச் வைக்கப்படவில்லை.

4. கணினி 05.09.2005 அன்று வந்தது. கொண்டுவந்தவர் கணினி விற்பனையாளர் திரு. தட்சணாமூர்த்தி. அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே என்னிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். 'தீர்மானத்தில் கண்ட விவரப்படி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் அச்சிட்டிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். செயலாளர், "வண்டி வெய்யில்ல நிக்குது. சைன் போடு, அப்புறமா உக்காந்து ஆராய்ச்சி பண்ணு" என்றார். போட்டேன். இன்று என் புகாரை மறுக்க அந்தக் கையெழுத்தைத்தான் முதல் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது என் கையெழுத்துதான், மறுக்கவில்லை.

5. அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. விலைப்பட்டியலில் கண்ட எடைக்கு அந்தப் பெட்டியை இருவர் சேர்ந்துதான் தூக்க முடியும். திரு. தட்சணாமூர்த்தி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் செல்போன் பேசியபடி, படியேறி வந்தார். பெட்டியின் முகப்பில் சர்வர் பிராசசரின் பெயர் பொறித்த ஒட்டுவில்லை, அதாவது ஸ்டிக்கர், இருந்தது. ஆனால் அது சற்றே சாய்வாக, ஒரு முனை நகத்தால் நெம்பும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய வில்லை அப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

கணினியை முதன்முறை இயக்கும்போது, பிராசசரின் பெயர் திரையில் சில நொடிகள் தோன்றி மறையும். அந்த நொடிகளில் திரு. தட்சணாமூர்த்தி மானிட்டருக்கு முன்னால் நின்று ஏதோ ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இது தற்செயலாக இருக்கலாம். மறுநாள் காலை நானே அணைத்து இயக்கிப் பார்த்தேன். திரையில் வந்த பெயர் டெஸ்க்டாப் பிராசசரின் பெயர். பக்கத்திலேயே 3.00 என்ற எண். கணினியின் விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். அதிலும் அதே பெயர், அதே எண். என் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டேன்; நகல் இணைத்துள்ளேன்.

6. தொலைபேசியில் விற்பனையாளரிடம் கேட்டேன். "அது போர்டு தப்பா காட்டுதும்மா. அப்டேட் பண்ணா சரியாப் பூடும்" என்றார். நான்கு நாள் கழித்து வந்தார். என்னை டீ வாங்கி வர அனுப்பினார். நான் திரும்புவதற்குள் வேலையை முடித்திருந்தார். அதன் பிறகு கணினியை இயக்கினால் பிராசசரின் பெயர் வருவதில்லை. அதற்குப் பதிலாக நிறுவனத்தின் படம் ஒன்று திரை முழுக்க வந்து மறைகிறது. விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தால் எனக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. பின்புற மூடியில் புதிதாக ஒரு முத்திரைத் தாள். கிழித்தால் உத்தரவாதம் செல்லாதாம்.

ஐயா, தவறாகக் காட்டியதைச் சரியாகக் காட்டும்படி செய்வதுதான் திருத்தம். அதைக் காட்டாமலே செய்வதற்கு என்ன பெயர் என்று தாங்களே முடிவு செய்யுங்கள்.

7. செப்டம்பர் 12 முதல் நவம்பர் 20 வரை அந்தக் கணினி பதினொரு முறை உறைந்து நின்றது. பெரும்பாலும் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிக்குள். அறைக்குக் கல்நார்க் கூரை. பெட்டியின் மேல் மூடியில் கை வைத்தால் உடனே எடுத்துவிடத் தோன்றும். ஒவ்வொரு முறையும் நான் அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் இயக்கினேன். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் நேரம் குறித்தேன். செயலாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றையும் வாங்கிக்கொண்டார், நகலில் கையொப்பமிட மறுத்துவிட்டார். மூன்றாம் முறை, "ஒரு வருஷம் கோர்ஸ் படிச்சிட்டு கம்பெனிக்காரனுக்கே கிளாஸ் எடுக்குறியா? மெஷினு மேல குத்தம் சொல்ற, நீ ஒழுங்கா ஓட்டுறியான்னு பாத்தியா?" என்று பலர் முன்னிலையில் கேட்டார். அத்துடன் நானும் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

8. 26.11.2005, சனிக்கிழமை. மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. காலையிலிருந்து மையத்தின் தொலைபேசி வேலை செய்யவில்லை. உப்பு உற்பத்தி முடிந்துவிட்ட காலம் என்றாலும், குவித்து வைத்த உப்பு கரையாமல் இருக்க ஓலை வேய்வதற்காக உப்பளங்களில் ஆட்கள் இருந்தார்கள். தெற்கு அளத்தில் முப்பத்து நான்கு பேர். வடக்கு அளத்தில் மரியதாஸ், அவர் மனைவி செல்லம்மாள், இருவர் மட்டும். யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று தினமும் காலையில் எழுதி வைப்பது என் பணி.

பகல் 1.10 மணிக்குத் திரையில் கால்வாயின் அளவு இரண்டு அடி நான்கு அங்குலம். நான் உணவருந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை வலுத்தது. திரையில் இரண்டு அடி நான்கு அங்குலம். சன்னலுக்கு வெளியே சாலையோரப் பள்ளம் நிரம்பியது. திரையில் இரண்டு அடி நான்கு அங்குலம். அந்த எண்ணைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தேன் என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 1.55 மணிக்குத்தான், அந்த எண் ஓர் அங்குலம்கூட ஏறவோ இறங்கவோ இல்லை என்பது உறைத்தது. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தேன். அது 1.12-இல் நின்றிருந்தது. நாற்பத்து மூன்று நிமிடம் நான் ஒரு நின்றுபோன கணினியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

9. அணைத்து இயக்கினேன். இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்தது. மீண்டும் இயக்கினேன், அணைந்தது. மூன்றாம் முறை படம்கூட வரவில்லை. மின்தடைக்காக வைத்த பேட்டரியில் மின்சாரம் இருந்தது. மின்விசிறி ஓடியது, விளக்கும் எரிந்தது. கையால் இயக்கச் சுவிட்ச் இல்லை. இருசப்பனின் செல்போனுக்கு, என் பையில் இருந்த செல்போனிலிருந்து அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. 2.10-க்கு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மிதிவண்டியில் புறப்பட்டேன்.

மையத்துக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரிகிறது. தெற்கு அளம் இரண்டு கிலோமீட்டர். வடக்கு அளமும் ஏறத்தாழ அவ்வளவே. நான் தெற்கே போனேன். சேற்றில் வண்டி ஓடாத இடத்தில் போட்டுவிட்டு ஓடினேன். நான் கத்தியதில் முப்பத்து நான்கு பேரும் சாலைக்கு ஏறிவிட்டார்கள். அவர்களில் கடைசி ஆள் ஏறும்போது வரப்பு தெரியவில்லை. இருசப்பனும் நானும் அங்கிருந்து வடக்கே ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வடக்கு அளத்தின் கரை உடைந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மரியதாஸ் ஆயில் இன்ஜின் கொட்டகையின் கூரை மேல் இருந்தார். செல்லம்மாளை மறுநாள் காலை முகத்துவாரத்தருகே மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

10. 28-ஆம் தேதி அடக்கம் முடிந்தது. முதல் தேதி என் கைக்கு நீக்கக் கடிதம் வந்தது. நான் கணினியை அணைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு, பணி நேரத்தில் வெளியேறியதாக அதில் எழுதியிருக்கிறது. ஐயா, இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அணைத்தேன்; பூட்டினேன்; வெளியேறினேன். எதற்காக என்பது மட்டும் அதில் இல்லை.

பதினொரு முறை உறைந்ததை நான் எழுதிய பதிவேட்டைக் கேட்டேன். புதிய பதிவேடு ஒன்றைக் காட்டினார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை 'இயல்பு, இயல்பு, இயல்பு' என்று ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அமர்வில் எழுதியது போல் இருந்தது. என் கையெழுத்து அல்ல. விலைச்சீட்டின் நகலைக் கேட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதமாகிறது என்றேன். "அது கவர்மென்ட் ஆபீசுக்கும்மா. நாங்க கமிட்டி" என்றார் செயலாளர். இருசப்பன் எப்படியோ பொருள் ஒப்படைப்புச் சீட்டின் நகல் ஒன்றைப் பெற்றுத் தந்தார். அதில் 'கணினி சர்வர் – 1' என்று மட்டும் உள்ளது. எந்தப் பிராசசர் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

11. மழைக்குப் பின் திரு. ஜான்சன் வந்து மிதவையைக் கழற்றிப் பார்த்தார். அது அனுப்பிய அளவுகளைத் தன்னிடமே சேமித்து வைக்கும். அன்று பகல் 1.15 முதல் 2.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் அனுப்பியிருக்கிறது. 1.35-க்கே நான்கு அடியைத் தாண்டிவிட்டது. அதாவது, கணினி ஓடியிருந்தால் 1.35-க்கு ஆறு இடங்களிலும் ஒலிபெருக்கி அலறியிருக்கும். இதை அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்துள்ளார், இணைத்துள்ளேன்.

சர்வர் பிராசசர் இருந்திருந்தால் கணினி நின்றிருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எந்த இயந்திரமும் நிற்கக்கூடும். ஆனால் நிற்காத இயந்திரம் என்று சொல்லித்தான் கைச் சுவிட்சை வேண்டாம் என்றோம். நிற்காத இயந்திரம் என்று சொல்லித்தான் ஊரைப் பழக்கினோம். இதற்கு முன்னெல்லாம் உப்பளத்தில் நிற்பவர்கள் கால்வாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அன்று தண்ணீர் ஏறுவதைக் கண்டு மரியதாஸ் கிளம்பலாம் என்றாராம். செல்லம்மாள், "கொழா இன்னும் கத்தலியே. நாலு ஓலைய வெச்சிட்டுப் போயிடலாம்" என்றாராம். இதை மரியதாஸே என்னிடம் சொன்னார்.

12. இம்மாதம் 9-ஆம் தேதி மாலை மரியதாஸ் என் வீட்டுக்கு வந்தார். நான் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு தெற்கு அளத்து ஆட்கள் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் உள்ளே வரவில்லை; உட்காரவும் இல்லை. "நீ ஏம்மா எங்க பக்கம் வரல?" என்று கேட்டார்.

அங்கே முப்பத்து நான்கு பேர் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. அந்த முப்பத்து நான்கு பேரில் என் தந்தை கன்னியப்பனும் ஒருவர். பாதை பிரியும் இடத்தில் நான் நின்ற சில நொடிகளில் எண்ணிக்கையை நினைத்தேனா, தந்தையை நினைத்தேனா என்று பலமுறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். செயலாளரைச் சந்தேகப்படுகிறேன், விற்பனையாளரைச் சந்தேகப்படுகிறேன் என்று இத்தனை பக்கம் எழுதும் நான், என்னை மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாகக் காட்டிக்கொள்வது முறையல்ல.

பிறகு அவர், ஊரில் பேசிக்கொள்ளும் அந்தச் சர்வர் விவகாரம் என்ன என்று கேட்டார். விளக்கினேன். கேட்டு முடித்து, "அந்தப் பொட்டிய தொறந்து பாத்தா எதுன்னு தெரிஞ்சிடுமா?" என்றார். மூடியைக் கழற்றி, மேலே இருக்கும் ஃபேனை எடுத்தால், பிராசசரின் மேலேயே பெயர் பொறித்திருக்கும். பத்து நிமிட வேலை என்றேன். "பத்து நிமிசம்தானா? அப்ப ஏன் தொறக்க மாட்றாங்க?" என்றார்.

ஐயா, என்னுடைய மூன்று கடிதங்களிலும் குறிப்பேட்டிலும் இல்லாத கேள்வி அது. செயலாளரிடம் உண்மையான பெட்டி இருந்தால், திறந்து காட்டி என் வாயை அடைக்க அவருக்குப் பத்து நிமிடம் போதும். இருபது நாளாகியும் அவர் அதைச் செய்யவில்லை.

13. கடந்த 15-ஆம் தேதி, வியாழக்கிழமை, கணினியைப் பழுதுபார்க்கச் சென்னைக்கு எடுத்துப் போவதாகச் சொல்லி விற்பனையாளரின் வேன் வந்தது. அவர்கள் கணக்கில் யாரும் புகார் செய்யாத, பதிவேட்டில் எப்போதும் 'இயல்பு' என்று உள்ள ஒரு கணினிக்கு என்ன பழுது என்று இருசப்பன் கேட்டார். பெட்டி சென்னைக்குப் போனால், உள்ளே சர்வர் பிராசசரோடுதான் திரும்பி வரும் என்று நான் உறுதியாக ஐயுறுகிறேன். அப்போது திறந்து காட்ட அவர்களே முன்வருவார்கள்.

வேன் வந்தபோது மரியதாஸ் மையத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் தடுக்கவில்லை, திட்டவில்லை. கதவுக்கும் வேனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். திரு. தட்சணாமூர்த்தி அவரிடம், "பெரியவரே, எழுந்து வழி உடுங்க. உங்களுக்கு என்ன தெரியும் இதப் பத்தி?" என்றார். மரியதாஸ், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. தெரிஞ்சவங்க வந்து தொறக்கட்டும், பாத்துட்டுப் போறேன்" என்றார். செல்லம்மாளின் அடக்கத்துக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் பலர் அங்கே நின்றிருந்ததால், அவரைத் தூக்கி அப்புறப்படுத்த யாரும் துணியவில்லை. வேன் திரும்பிப் போனது. ஆனால் 23.12.2005, வெள்ளிக்கிழமை காவல் துறை உதவியுடன் எடுத்துச் செல்லப்படும் என்று மையத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.

14. இம்மனுவைப் பதின்மூன்றாம் பத்தி வரை எழுதி நேற்று மரியதாஸுக்குப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டாம் பத்தியில் நிறுத்தச் சொன்னார். "உங்கப்பா கதைய எடுத்துடும்மா. அத வெச்சி உன்னத்தான் கேப்பாங்க, பொட்டிய உட்டுடுவாங்க" என்றார். நான் எடுக்கவில்லை. என்னையும் கேட்கட்டும், பெட்டியையும் கேட்கட்டும்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே: 23-ஆம் தேதிக்கு முன்பாக, இரு தரப்புக்கும் வேண்டியவர் அல்லாத அரசுப் பொறியாளர் ஒருவரை அனுப்பி, குழுச் செயலாளர், விற்பனையாளர், மரியதாஸ் ஆகியோர் முன்னிலையில் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது எந்தப் பிராசசர் என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். என் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க உத்தரவிடுங்கள். கணினி எதுவாக இருந்தாலும், அடுத்த மழைக்கு முன் அந்த ஆறு ஒலிபெருக்கிகளுக்கும் கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்று வைக்கச் செய்யுங்கள். என் வேலையை நான் திருப்பிக் கேட்கவில்லை.

திறந்து பார்த்து உள்ளே சர்வர் பிராசசர்தான் இருக்கிறது என்றால், திரு. சிவப்பிரகாசம் அவர்களிடமும் திரு. தட்சணாமூர்த்தி அவர்களிடமும் ஊர் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டு, பொய்ப் புகாருக்கு உரிய தண்டனையையும் ஏற்கிறேன். இதை இம்மனுவின் ஒரு பகுதியாகவே எழுதித் தருகிறேன்.

மரியதாஸுக்கு வயது அறுபத்தொன்று. வியாழக்கிழமை முதல் இன்று ஐந்தாவது நாளாக அந்தப் படியில்தான் இருக்கிறார். மழை வந்தால் கதவோடு ஒட்டி உட்கார்கிறார். வீட்டுக்குப் போகச் சொல்லி என் தந்தையும் இருசப்பனும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். எழுந்து போகலாம் என்று அவரிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தங்கள் ஒரு வரி உத்தரவுக்கு உண்டு.

இடம்: பனஞ்சாலைக்குப்பம்
நாள்: 19.12.2005

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) க. செந்தமிழ்

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. என்னைப் பற்றி எழுதியிருப்பது சரி:
(ஒப்பம்) மரியதாஸ்

இணைப்பு: தீர்மானம் எண் 7-இன் நகல்; என் குறிப்பேட்டின் நகல்; பொருள் ஒப்படைப்புச் சீட்டின் நகல்; திரு. ஜான்சனின் கடிதம், நீக்கக் கடிதத்தின் நகல்.